உங்களுக்குத் தெரியுமா? ஈயமும் பால்மரமும் ஈன்ற பூதப்படை

கட்டைவிரல் உயரத்தில் ஒரு போர்வீரன். கையில் கோடரி, வாயில் பன்றித் தந்தம், தோளில் மண்டையோட்டு மாலை. ஓர்க், எல்ஃப், குள்ளர், டிராகன் என்று கற்பனைப் படைகளைத் துண்டுதுண்டாக வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து, பகடை உருட்டி மோதவிடும் பொழுதுபோக்கு இது. வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நம்மில் பலர் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்த வீரர்கள் எந்த மண்ணின் சரக்கால் ஆனவர்கள் என்று பார்த்தால், மலாக்காவின் புலாவ் செபாங்கில் இருப்பவர் யாரும் அப்படி ஒதுக்க மாட்டார்.

உடம்பெல்லாம் ஈயம்

உலோக மினியேச்சர்களை, அதாவது இந்தக் குட்டி உருவங்களை, முன்பெல்லாம் காரீயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்தார்கள். இன்று வரும் நல்ல உலோக வீரர்களில் பெரும்பாலும் காரீயம் இல்லை. பெரும்பங்கு வெள்ளீயம்தான், அதாவது நாம் ஈயச் சுரங்கம் என்று சொல்லும்போது நினைக்கிற அதே ஈயம். ஏன் இதையே பிடித்துக்கொண்டார்கள்? வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். வெண்கலத்துக்கு ஆயிரத்தை ஒட்டிய சூடு வேண்டும். சூடு குறைவு என்பதால்தான் ஒரு வியப்பான காரியம் முடிகிறது: உருகிய உலோகத்தை ரப்பர் அச்சிலேயே ஊற்றலாம்.

ரப்பர் அச்சு எப்படி வேலை செய்கிறது?

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தட்டையான இரண்டு ரப்பர் வட்டுகள். சிற்பி கையால் செய்த மூல உருவங்களை ஒரு வட்டின்மேல் வட்டமாக அடுக்கி, இன்னொன்றை மேலே கவிழ்த்து, அழுத்தத்தில் வைத்துச் சூடேற்றுவார்கள். ரப்பர் இளகி, உருவத்தின் ஒவ்வொரு மடிப்பையும், பொத்தானையும், பல்லையும் கவ்விக்கொண்டு இறுகிவிடும். பிறகு வட்டுகளைப் பிரித்து, நடுவிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் கத்தியால் வாய்க்கால் வெட்டுவார்கள். காற்று வெளியேற மெல்லிய கீறல்கள் தனி. மாவு தூவி, வட்டுகளை மூடி, சுழலும் இயந்திரத்தில் வைத்து, நடுத்துளையில் ஈயத்தை ஊற்றினால், சுழல்வேகம் உலோகத்தை வெளிப்பக்கம் தள்ளி மூலைமுடுக்கெல்லாம் நிரப்பும். சில நிமிடங்களில் ஒரு படைப்பிரிவு பிறந்துவிடுகிறது. வளையக்கூடியது என்பதால் ரப்பர் அச்சு, நீட்டிய வாளையும் முறுக்கிய கொம்பையும் உடைக்காமல் விட்டுக்கொடுக்கும். கல்லச்சுக்கும் உலோக அச்சுக்கும் அந்தப் பெருந்தன்மை கிடையாது. ரப்பரைச் சூட்டிலும் கந்தகத்திலும் பக்குவப்படுத்தும் வழியை சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்திருக்காவிட்டால் இது எதுவும் நடந்திராது. இன்று இதே வேலைக்குச் செயற்கை ரப்பரும் சிலிகானும் வந்துவிட்டன.

மலாக்காவில் போட்ட விதை

1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த 22 கன்றுகள், அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்தன. "இதை நடுங்கள், நடுங்கள்" என்று தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்தவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி. அவர் பேச்சைக் கேட்டு 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் நட்டவர் 'தான் சாய் யான்' என்பவர். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். அதற்குப் பின் புக்கிட் ஆசாகான், கெமெண்டோர், தெபோங், மாச்சாப் என்று மலாக்கா முழுக்கப் பால்மரக்காடு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனைச் சாகச விளையாட்டு அமெரிக்காவில் வெளிவந்தது 1974இல். பின்னாளில் 'வார்ஹேமர்' விளையாட்டை வெளியிட்ட 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' நிறுவனம் லண்டனில் தொடங்கியது 1975இல். அந்தப் பத்தாண்டில் உலகில் மிக அதிகமாக வெள்ளீயம் எடுத்த நாடும் மலேசியா. மிக அதிகமாக இயற்கை ரப்பர் தந்த நாடும் மலேசியா. மங்கில் சொட்டிய பாலுக்கும் டிராகன் வீரனுக்கும் உறவு இருந்திருக்கக்கூடும் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

காசே மினியேச்சர்

முற்காலத்தில் பேராக், சிலாங்கூர் பக்கம் ஈயத்தை முதலை, சேவல், ஆமை போன்ற குட்டி விலங்கு உருவங்களாக வார்த்துப் பணமாகப் புழங்கியிருக்கிறார்கள். நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் அந்த முதலைக் காசைத் தேடி அலைகிறார்கள். கிளந்தான், திரங்கானுவில் இன்னொரு வகை: அச்சில் ஊற்றிய ஈயம் நடுத்தண்டாகவும் கிளைகளாகவும் ஓடி, கிளை நுனிதோறும் ஒரு வட்டக் காசு தொங்கும். 'போக்கோ பித்திஸ்', காசு மரம். வேண்டும்போது ஒடித்துச் செலவழிப்பார்கள். இன்று கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மினியேச்சர் பெட்டியைத் திறந்தால் கை, கால், தலை, கேடயம் எல்லாம் அதே மாதிரி ஒரு சட்டத்தின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு வரும். உருகிய பொருள் அச்சுக்குள் ஓட வழி வேண்டும். அந்த வழியும் சேர்ந்தே இறுகிவிடும். காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கோலாலம்பூரிலிருந்து மத்தியபூமிக்கு

சீனாவிலிருந்து வந்த ஈயக் கொல்லர் யோங் கூன் 1885இல் கோலாலம்பூரில் தொடங்கிய தொழில்தான் இன்றைய 'ராயல் சிலாங்கூர்'. கோப்பையும் தட்டும் மட்டுமல்ல, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பாத்திரங்களையும் அவர்கள் பியூட்டரில் வார்த்திருக்கிறார்கள். பியூட்டர் என்பது வெள்ளீயத்தோடு சிறிது செம்பும் ஆன்டிமனியும் சேர்ந்த கலவை. மினியேச்சர் வார்ப்பவர்கள் பயன்படுத்தும் வெள்ளை உலோகத்துக்கு இது உடன்பிறப்பு.

ஒரே ஒரு பிறப்பு

குட்டி உலோக உருவம் தமிழருக்குப் புதிதல்ல. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூர் தாழிக்காட்டில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த வெண்கல மூடிகளின் உச்சியில் எருமையும் ஆடும் சேவலும் நிற்கின்றன. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே சிலை. ரப்பர் அச்சோ தேய்ந்து கிழியும்வரை நூற்றுக்கணக்கில் தரும். படை வேண்டுமென்றால் ரப்பர். சாமி வேண்டுமென்றால் மெழுகு. என்னைக் கேட்டால், வடிவத்தின் கூர்மையில் மெழுகை வெல்ல இன்னும் எதுவும் வரவில்லை.

சதுரங்கத்தின் கொள்ளுப்பேரன்

திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. அரசன் மகளைச் சதுரங்கத்தில் வென்று சிவன் மணந்தார் என்பது தலக்கதை. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படை கொண்ட சதுரங்கம் இந்தியாவிலிருந்து புறப்பட்டு மேற்கே போனது. 1780இல் ஜெர்மானியர் ஹெல்விக் அந்தப் பலகையை 1,600க்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்து, காடும் ஆறும் சேர்த்தார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி கட்டங்களையே தூக்கியெறிந்து, வரைபடத்தின்மேல் பகடையோடு ஆடும் 'கிரீக்ஸ்ஷ்பீல்' விதிகளை வெளியிட்டார். படை அதிகாரிகள் அதில் பயிற்சி எடுத்தார்கள். அறிவியல் புனைகதை எழுதிய எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதிப் பொம்மைச் சிப்பாய்ப் போரைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தார். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' விதிநூலின் பின்னிணைப்பில்தான் மந்திரவாதிகளும் டிராகன்களும் நுழைந்தார்கள். 1983இல் 'வார்ஹேமர்'. 1987இல் அதே படைகளை விண்வெளிக்கு ஏற்றிய 'வார்ஹேமர் 40,000'.

பகடையும் நமக்குப் புதிதல்ல. கீழடியில் தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன.

மலிவு விலை ராட்சதர்கள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பெயர்பெற்ற பூதங்களில் சில பிறந்தது ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பையில்! பல்பொருள் கடையில் மலிவாக வாங்கிய விசித்திர விலங்குகளை, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கைகாக்ஸ் தன் விளையாட்டு மேசையில் வைத்து, அவற்றுக்குப் பெயரும் குணமும் கொடுத்தார். ஆந்தைத்தலைக் கரடியும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியும் அப்படி வந்தவைதான். இரண்டு ரிங்கிட் கடையில் விற்கும் டைனோசர் பாக்கெட்டை இனி அலட்சியமாகப் பார்க்காதீர்கள்.

எத்தனை தலை உயரம்?

பெரும்பாலான மினியேச்சர்கள் 28 மில்லிமீட்டர் அளவு. பாதத்திலிருந்து கண்வரை அளக்கும் கணக்கு இது. தலையும் கையும் ஆயுதமும் மட்டும் உண்மை அளவைவிடப் பெருத்திருக்கும்; இல்லையென்றால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நம் சிற்ப நூல்களும் முக நீளத்தைத் தாளம் என்று வைத்துத்தான் உடலை அளக்கின்றன: தெய்வங்களுக்கு ஒன்பது, பத்துத் தாளம்; பூதகணங்களுக்கு நான்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் ஓர்க் வீரன் நம் கோபுரத்துப் பூதத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன்.

எச்சரிக்கை

பழைய உலோக வீரர்கள் கைக்குக் கிடைத்தால் காரீயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். அரத்தால் தேய்த்தால் தூளைத் துடைத்துக் கையைக் கழுவுங்கள். மூடிய மர அலமாரியில் வைக்காதீர்கள். சில மரங்கள் விடும் அமில ஆவியும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்து காரீயத்தை வெண்பொடியாக அரித்துவிடும்.

புலாவ் செபாங் வானிலைக்குச் சில குறிப்புகள்

ஈரக்காற்றில் அடிவண்ண ஸ்பிரே அடித்தால் உருவம் சொரசொரப்பாகிவிடும். பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் புகை படிந்ததுபோல் மங்கும். மழை விட்ட சாயங்காலம் ஆகவே ஆகாது. வெயில் ஏறிய நேரத்தில், ஐந்தடி வாசலில், மெல்லிய தூவலாக அடியுங்கள். பொறுமை இல்லையென்றால் தூரிகையாலேயே அடிவண்ணம் பூசிவிடலாம், பாதகமில்லை.

சூப்பர் குளூ இறுகுவதே காற்றிலுள்ள ஈரத்தால்தான். அதனால் நம் ஊரில் சட்டென்று பிடிக்கும். குப்பியும் சட்டென்று கெட்டியாகும். பிளாஸ்டிக் உருவங்களுக்கு அது தேவையும் இல்லை. பாலிஸ்டைரீனுக்கென்று விற்கும் பசை, இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் இளக்கி ஒரே பிளாஸ்டிக்காகச் சேர்த்துவிடுகிறது.

காற்றாடியை நிறுத்திவிட்டுத் தீட்டுங்கள். காற்றாடிக்குக் கீழே தூரிகை நுனியிலேயே அக்ரிலிக் காய்ந்துவிடும். மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் நனைத்த துணியைப் பரப்பி, மேலே கேக் சுடும் தாளை விரித்தால் ஈரப்பலகை தயார். வண்ணம் மறுநாள்வரை காயாது. பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு செம்புத் துண்டைத் துணிக்கடியில் போடுவது தீட்டுபவர்களின் பழக்கம்.

ராணியின் தூரிகை

'வின்சர் அண்ட் நியூட்டன்' நிறுவனத்தின் 'சீரிஸ் 7' தூரிகை விக்டோரியா ராணிக்காக 1866இல் செய்யப்பட்டது. கோலின்ஸ்கி என்ற கீரி போன்ற விலங்கின் வால்முடி. நுனி ஊசிபோல் கூடும் என்பதால் உலகமெங்கும் மினியேச்சர் தீட்டுபவர்கள் இதற்கு ஏங்குகிறார்கள். தொடக்கத்தில் வேண்டாம். உலர்தீட்டல் என்ற முறை நல்ல தூரிகையைப் பாழாக்கிவிடும்: வெளிர்நிற வண்ணத்தைத் தொட்டு, தாளில் துடைத்து, கிட்டத்தட்ட ஒன்றும் இல்லாத நிலையில் உருவத்தின்மேல் தேய்ப்பது. மேடான இடங்கள் மட்டும் நிறம் பிடித்து, சங்கிலிக் கவசத்தின் ஒவ்வொரு கண்ணியும் எழுந்து நிற்கும். அதற்கு மலிவான ஒப்பனைத் தூரிகையே உத்தமம்.

கொலு பார்க்

நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் தட்டில் மண் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி 'பார்க்' அமைக்கும் பிள்ளைகள் செய்வது போர்க்களம் அமைப்பவர்களின் அதே வேலை. மேற்கே அதற்கு விலை கொடுத்துக் கார்க் பட்டையும் செயற்கைப் புல்லும் வாங்குகிறார்கள். நமக்குக் காய்ந்த பால்மரப் பட்டை மலைச்சரிவாகும், தேங்காய் நார் கோதுமை வயலாகும், வெடித்து விழுந்த ரப்பர்க் காயின் ஓடு டிராகன் குகையின் வாயிலாகும். பட்டையை நன்றாக வெயிலில் போட்டுப் பூச்சி போன பிறகு ஒட்டுங்கள்.

கண் முதலா, கடைசியா?

கோயில் சிலைக்கும் கொலு பொம்மைக்கும் கண் திறப்பது கடைசியில். மினியேச்சர் தீட்டுபவர்களில் பலர் கண்ணைத்தான் முதலில் முடிக்கிறார்கள். காரணம் முழுக்கத் தொழில் சார்ந்தது. குழிக்குள் கறுப்பு, அதன்மேல் கறுப்பு ஓரம் தெரிய வெள்ளைக் கீற்று, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. புள்ளி வைத்தால் திடுக்கிட்ட முகமாகிவிடும். கோடு இழுத்தால் பார்வை வரும். கை நடுங்கி வெளியே போனாலும் கவலையில்லை, அடுத்துப் பூசப்போகும் தோல்நிறத்தால் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். முகம் முழுக்கத் தீட்டி நிழல் கொடுத்த பிறகு கண் கெட்டால், கன்னம் நெற்றி எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.