குல்தரா: ஒரே இரவில் காலியான கிராமமா?

ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சால்மரிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில், தார் பாலைவனத்தில் கூரையிழந்த கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. குல்தரா என்னும் இந்த இடைக்காலக் கிராமத்தைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. ஜெய்சால்மர் சமஸ்தானத்தின் திவான் சலீம் சிங், கிராமத் தலைவரின் மகளை மணக்க விரும்பினார். அதற்கு இணங்காத பாலிவால் அந்தணர்கள் 84 கிராமங்களை ஒரே இரவில் துறந்து, இனி இங்கு எவரும் வாழ இயலாது என்று சாபமிட்டுச் சென்றனர் என்பதே அது. பேய்க் கதைகளும் அதனுடன் சேர்ந்துகொண்டன.

பதிவுகள் காட்டும் சித்திரம் வேறு. மார்வாரின் பாலி பகுதியிலிருந்து வந்த பாலிவால்கள் இங்குக் குடியேறினர். 'தேவலி' எனப்படும் நினைவுக் கற்களில் இரண்டு, 1235, 1238ஆம் ஆண்டுகளில் நேர்ந்த மரணங்களைக் குறிப்பிடுகின்றன. நீண்ட பிரதான வீதி, அதனைக் குறுக்கே வெட்டும் சந்துகள், கோயில், படிக்கிணறு எனத் திட்டமிட்டு அமைந்த ஊரில் 410 கட்டடங்களின் எச்சங்கள் கணக்கிடப்பட்டுள்ளன.

1815ஆம் ஆண்டு நிலவரப்படி இங்கு 200 குடும்பங்களில் 800 பேர் வாழ்ந்ததாக ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டாட் பதிவு செய்தார். 1890இல் இருந்தவர்கள் 37 பேர். ஒரே இரவில் வெளியேறிய கதையுடன் இந்த எண்கள் பொருந்தவில்லை. ஊர் படிப்படியாகத் தேய்ந்ததையே அவை காட்டுகின்றன.

எனினும் சலீம் சிங்கை முற்றிலும் கற்பனை வில்லனாக ஒதுக்கிவிட முடியாது. அவரது கொடிய வசூல் வேட்டையால் வளமான பாலிவால் சமூகம் வெளியேறியதை டாட் குறிப்பிட்டுள்ளார்.

தண்ணீரும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பாலிவால்கள் 'கடீன்' முறையில் பயிரிட்டனர். பாறைச் சரிவுகளில் வழிந்தோடும் மழைநீரைத் தாழ்வான நிலத்தில் மண் கரையிட்டுத் தடுப்பர். நீர் மண்ணில் ஊறி வடிந்தபின், எஞ்சிய ஈரத்திலேயே கோதுமை விதைப்பர். மழை குறைந்து கிணறுகள் வற்றினால், இத்தகைய ஊர் வரிச்சுமையைத் தாங்குவது கடினம்.

'கரண்ட் சயின்ஸ்' இதழில் 2017இல் வெளியான ஆய்வு, சரிந்த கூரைகளையும் விழுந்து கிடக்கும் தூண்களையும் சுட்டிக்காட்டி, நிலநடுக்கம் காரணமாக இருக்கலாம் என்கிறது. கைவிடப்பட்ட வீடுகள் காலப்போக்கில் தாமாகவும் இடிந்து விழும் என்பதால், இக்கருத்தை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது.

குல்தரா தற்போது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் தளமாக உள்ளது. ஜெய்சால்மர் மாவட்டத்தில் கடீன் நிலங்களில் இன்றும் பயிரிடப்படுகிறது.