வெட்டாத மட்கார்டுக்கு விலை தனி!

ஏல மேடையின் வெளிச்சம், கூச்சல், கடைசியில் விழும் சுத்தியல் எல்லாம் டிவியிலேயே வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் கூடாரம் இருக்கிறதே, வாருங்கள், அங்கே நுழைவோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஸ்காட்ஸ்டேல் நகரில், ஜனவரி தோறும் பேரட்-ஜாக்சன் ஏலம் களைகட்டும். ஒரு பழைய ஃபோர்டு பிரான்கோவைச் சுற்றி நிற்கும் ஆட்களைக் கவனியுங்கள். பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? விஷயம் தெரிந்தவர் நேராக வண்டியின் பின்பக்கம் போவார். குனிவார். பின் மட்கார்டின் உள்விளிம்பில் கையை விட்டு மெல்லத் தடவுவார். அந்த விரல் நுனியில்தான் ஆயிரக்கணக்கான டாலர் ஊசலாடுகிறது!

பிரான்கோவின் கதை 1965 ஆகஸ்டில் ஆரம்பிக்கிறது. மிச்சிகன் மாநிலம் வேய்ன் ஊரில் இருந்த ஃபோர்டு ஆலையில் இந்தப் பெட்டி வண்டி பிறந்தது. செலவைக் குறைக்க, எங்கும் வளைவில்லாத தட்டைக் கண்ணாடி. கியர் கம்பி, நம்மூர் பழைய அம்பாசிடரில் இருந்தது போல ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே, மூன்றே மூன்று கியர். மேல்கூரையைக் கழற்றி வைத்துவிடலாம். விலை மூவாயிரம் டாலருக்குள். பண்ணைக்காரர்கள், வேட்டைக்காரர்கள், பனி தள்ளுகிறவர்கள் வாங்கினார்கள். உழைப்புக்கு வாங்கிய வண்டி அது. யாரும் அதைப் போர்வை போட்டு மூடி வைக்கவில்லை.

அதன் பின்சக்கரத் திறப்பு மட்டும் சின்னது. சேற்றிலும் பாறையிலும் போக அகலமான டயர் மாட்டினால் உரசும். அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? ரம்பத்தை எடுத்தார்கள், மட்கார்டைப் பிறைநிலா மாதிரி வெட்டி எறிந்தார்கள், மேலே ஒரு ரப்பர் விளிம்பைப் பொருத்தினார்கள். வேலை முடிந்தது! 1977 வரை சுமார் 2,25,000 பிரான்கோக்கள் வெளிவந்தன. அவற்றில் ஏராளமானவற்றின் பின்புறம் இப்படித்தான் ரம்பத்துக்குப் போனது. மிச்சத்தில் ஒரு பங்கு துருவுக்குப் போனது. ஆகவே இன்று, தொழிற்சாலை அடித்த விளிம்போடு தப்பிப் பிழைத்த வண்டிக்கு ‘அன்கட்’ என்று தனிப் பட்டம், தனி விலை. ஐம்பது வருஷத்துக்கு முன் யாரோ ஒரு பண்ணைக்காரர் சோம்பலிலோ பாசத்திலோ ரம்பத்தை எடுக்காமல் விட்டார். அந்த ‘எடுக்காத’துக்குத்தான் இப்போது பேரன் காலத்தில் காசு கொட்டுகிறது. எனக்கு இதை நினைக்க நினைக்கப் புல்லரிக்கிறது.

காசு கொட்டும் இடத்தில் டிங்கரிங்காரரும் வருவார். வெட்டிய மட்கார்டை மறைக்கப் புதுத் தகடுகள் கடையில் கிடைக்கின்றன. அது மட்டுமா, ஃபோர்டின் உரிமம் பெற்ற முழு உடலே புத்தம் புதிதாக வாங்கலாம்! அதனால் கூடாரத்தில் துப்பறியும் வேலை ஜோராக நடக்கிறது. ஒருவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுப்பார். அது ஒட்டாமல் நழுவினால் பெயிண்டுக்குக் கீழே பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னொருவர் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, பழைய ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் தேடுவார். கையுறைப் பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறம் இருக்கும் தகட்டைப் படித்து, அதன் எண்ணையும் சேஸிஸில் குத்திய எண்ணையும் ஒப்பிடுவார்கள். U15 என்று தொடங்கினால் முழுக் கூரை வண்டி. U14 என்றால் பாதிக் கூரை. U13 பற்றிக் கடைசியில் சொல்கிறேன், பொறுங்கள்.

விலை ஏன் ஏறியது? அந்த நாளில் பின்சீட்டில் குலுங்கிக்கொண்டு போன பிள்ளைகள் வளர்ந்து, கையில் பணத்தோடு நிற்கிறார்கள். 2017 ஜனவரியில் ஃபோர்டு புது பிரான்கோ வரப்போகிறது என்று அறிவித்தது. 2020 ஜூலையில் காட்டியும்விட்டது. பழசின் மீது எல்லோருடைய பார்வையும் திரும்பிவிட்டது.

இப்போது ஒரு வேடிக்கை. வெட்டாததற்கு மவுசு என்று சொன்னேன் அல்லவா? கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பட்டறை வைத்திருந்த பில் ஸ்ட்ராப், 1971 முதல் 1975 வரை ஃபோர்டின் ஆசியோடு ‘பாஹா பிரான்கோ’க்களைத் தயாரித்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் பூசி, மட்கார்டை அவரே வெட்டி விரித்த வண்டிகள். அந்த வெட்டுக்கு மட்டும் விலை கூடுதல், ஏனென்றால் வெட்டிய கை ஸ்ட்ராப்புடையது! போலி பாஹாக்களும் உண்டு என்பதால் காகிதம் இல்லாமல் யாரும் நம்புவதில்லை.

உச்சம் இன்னும் இருக்கிறது. 1963இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை வென்ற பார்னெல்லி ஜோன்ஸ், ஸ்ட்ராப்புடன் சேர்ந்து ‘பிக் ஓலி’ என்ற பிரான்கோவை மெக்சிகோவின் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்தில் ஓட்டினார். 1971இல் வெற்றி, 1972இல் மீண்டும் வெற்றி! பிரான்கோ என்று பேர்தானே ஒழிய, உள்ளே முழுக்கக் குழாய்ச் சட்டகம், மேலே ஃபைபர் கிளாஸ் உடல், கூரையில் விமான இறக்கை போன்ற பெரிய தகடு. 2021 மே மாதம், அதே இண்டியானாபோலிஸ் நகரில், மீகம் ஏலத்தில் அது மேடையேறியது. சுத்தியல் விழுந்தது 17 லட்சம் டாலரில். வாங்குபவர் கட்டும் பத்து சதவீதக் கட்டணமும் சேர்ந்து 18 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் 13 கோடி ரூபாய்க்கும் மேல்!

பழைய உடலுக்குள் ஃபோர்டின் இன்றைய 5.0 லிட்டர் ‘கயோட்டி’ எஞ்சினை வைத்து, ஏசியும் டிஸ்க் பிரேக்கும் சேர்த்து விற்பவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு லட்சம் டாலருக்கு மேலேயும் போகிறது. ஓட்டச் சுகம்தான், மறுக்கமாட்டேன். ஆனாலும் என் ஓட்டு அந்த மூன்று கியருக்கே. அதைக் கழற்றிவிட்டால் பண்ணைக்காரர் கையில் தெரிந்த கனமும் சத்தமும் போய்விடுகின்றன.

சரி, U13. கூரையும் கிடையாது, கதவும் கிடையாது; ‘ரோட்ஸ்டர்’ என்ற திறந்த வண்டி. மூன்றிலும் விலை குறைந்தது, மூன்றிலும் குறைவாக விற்றது. மழையில் நனைய யார் காசு கொடுப்பார்கள்? 1968உடன் ஃபோர்டே நிறுத்திவிட்டது. அன்று கடையில் ஆள் சீண்டாத அதைத்தான் இப்போது கூடாரம் கூடாரமாகத் தேடுகிறார்கள். கையுறைப் பெட்டி மூடியில் U13 தென்பட்டு, பின் மட்கார்டும் வெட்டுப்படாமல் இருந்துவிட்டால், டார்ச் அடித்தவர் தரையிலிருந்து எழுந்து, சத்தம் போடாமல், தன் ஏல அட்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார்.