தரைய நனைச்சியா?

சின்ன அறைகள் – 9

போன வருஷம் அக்டோபர் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், கீரப்பாளையத்தில் பெரியம்மா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து பேரனின் வீடியோ அழைப்பு வந்தது. அங்கே அப்போதுதான் விடிகிறது. நண்பர்களோடு ராக்கி மலைப் பக்கம் போயிருந்தான். வாடகைக்கு எடுத்த நகரும் வீடு. நம்மூரில் சினிமா நடிகர்களுக்கு நிறுத்துகிறார்களே கேரவன், அந்த ஜாதி வண்டி. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

“பாட்டி, சுடுதண்ணி நல்லா வருது. ஆனா குளிக்க முடியல. உள்ள நுழைஞ்சாலே வெடவெடங்குது.”

பெரியம்மா யோசிக்கவே இல்லை. “தரைய நனைச்சியாடா மொதல்ல?” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. குளிரில் நடுங்குகிறவனிடம் தரையை நனைத்தாயா என்று கேட்பானேன்? அந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மார்கழி முழுக்கத் தேவைப்பட்டது. இந்த வாரம் எழுதப்போவது அதைத்தான்.

சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவில் இருக்கும் கீரப்பாளையத்தில் பனி உறைவதில்லை. மார்கழி, தை விடியலில் 20 டிகிரியை ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். அந்த மலையோடு ஒப்பிட்டால் இது குளிரே இல்லை. ஆனாலும் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் இருக்கும் பாத்ரூமுக்குள் அந்த நேரத்தில் சட்டையைக் கழற்றி நின்று பார்த்தவருக்குத் தெரியும். நான்கடிக்கு நான்கடி, உயரம் ஏழடி. மெல்லிய செங்கல் சுவர், சிமெண்ட் தரை, மேலே சிமெண்ட் ஷீட்டு, வடக்குச் சுவரில் கண்ணாடிச் சட்டம் செருகிய வெண்டிலேட்டர், தரையோரம் தண்ணீர் போக ஓர் ஓட்டை, தகரக் கதவு. பேரனின் வண்டியில் இருப்பது இதைவிடச் சின்னது. அங்கும் மெல்லிய சுவர்தான். கூரையில் 14 அங்குலச் சதுரத்தில் ஒரு காற்றுத் திறப்பு, காலடியில் சில்லென்ற பிளாஸ்டிக் தரை. இரண்டு பாத்ரூம்களும் கூடப்பிறந்தவை போலத்தான் இருக்கின்றன.

குளிர் எங்கிருந்து வருகிறது? தண்ணீரிலிருந்து இல்லை. பக்கெட்டில் ஆவி பறக்கிறது. சொம்பால் மொண்டு ஊற்றும் அந்த நொடி சுகமாகத்தான் இருக்கிறது. அடுத்த சொம்பை மொள்ளும் இடைவெளியில்தான் முதுகு சிலிர்க்கிறது. மேலில் ஒட்டிய ஈரம் காயும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் தோலின் மேலிருந்து ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வேண்டும். தலைமுடியிலும் உடம்பிலும் அரை டம்ளர், 100 மில்லி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது காய்ந்து முடிவதற்குள் 58 கிலோகலோரி. காற்று அசைந்தால் வேகமாகப் போகும். காற்று நின்று, அறைக்குள் ஆவி நிறைந்திருந்தால் மெதுவாகப் போகும். போதாததற்குச் சுவரும் தரையும். சுவரைத் தொட வேண்டியதில்லை, பக்கத்தில் நின்றாலே குளிர்ந்த சுவர் உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆகவே தண்ணீரை இன்னும் கொதிக்கவைப்பதில் பலன் கிடையாது. சூடாக வேண்டியது அறை.

அறையைச் சூடாக்குவது பெரிய வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காகிதத்தில் கணக்குப் போட்டதும் அந்த எண்ணம் போயிற்று. பெரியம்மாவின் பாத்ரூமுக்குள் அடங்கும் காற்று சுமார் 3.2 கன மீட்டர், எடையில் நான்கு கிலோவுக்கும் குறைவு. அதை 20-லிருந்து 25 டிகிரிக்குக் கொண்டுவர ஐந்து கிலோகலோரிகூட வேண்டாம். ஒரு பக்கெட், 15 லிட்டர் தண்ணீரை 25-லிருந்து 40-க்கு ஏற்ற 225 வேண்டும். அறுபது டிகிரிச் சுடுதண்ணீர் ஒரு லிட்டர் எடுத்துத் தரையில் ஊற்றினால், அது 20-க்கு ஆறுவதற்குள் 40 கிலோகலோரியை அங்கேயே விட்டுவிடுகிறது. பாதி தரைக்கும் சுவருக்கும் போகட்டும், போக வேண்டியதும் அங்கேதான். மீதி காற்றுக்குப் போதும். ஈரத்தரையிலிருந்து எழும் ஆவி அறையை நிறைப்பதால் மேலில் இருக்கும் தண்ணீரும் அவசரமாகக் காய்வதில்லை.

பெரியம்மா செய்வது இதுதான். பக்கெட்டைக் கொண்டுபோய் வைத்ததும் முதல் இரண்டு சொம்பைத் தரையிலும் சுவரின் அடிப்பாகத்திலும் வீசுகிறார். கதவைச் சாத்திவிட்டு, துண்டு, மாற்றுப்புடவை எடுக்க வீட்டுக்குள் போகிறார். திரும்பி வருவதற்குள் அறை வேறு அறையாகிவிடுகிறது. அடுப்பில் வைத்த தண்ணீராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வார். விளாவிய தண்ணீரில் அந்த வேகம் இல்லை.

ஆனால் அந்தச் சூடு நிற்க வேண்டுமே. எங்கள் பக்கத்தில் காற்றுக்கு அது வரும் திசையை வைத்துப் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை. மார்கழியில் வாடைதான் வீசும். சம்பா வயலில் இன்னும் ஈரம் இருக்கிற காலம். அதைத் தடவிக்கொண்டு வருகிற காற்றுக்கு நேரே வெண்டிலேட்டரைத் திறந்து வைத்திருக்கிறோம். கட்டிய கொத்தனாரைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை. அந்தச் சுவர்தான் தெருவுக்கு மறைவாக இருந்தது.

இருந்தாலும் முதல் எதிரி அந்த வெண்டிலேட்டர் இல்லை, தரையோர ஓட்டைதான். இதை நான் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அறைக்குள் சுடுதண்ணீரின் சூடு ஏறியதும் வெப்பக் காற்று மேலே போய் வெண்டிலேட்டர் வழியே வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, தண்ணீர் போகும் ஓட்டை வழியாகவும் கதவின் அடி இடுக்கு வழியாகவும் குளிர்காற்று உள்ளே இழுபடுகிறது. பத்தியின் புகை தரையோரமாக உள்நோக்கிச் சாய்ந்து, என் கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியது. உள்ளே சூடு கூடக் கூட இழுப்பும் கூடுகிறது. ஈரக்காலில் முதலில் சில்லிடுவது இதனால்தான். மேலே அடைக்காதீர்கள், ஆவி போக வழி வேண்டும், இல்லாவிட்டால் சுவர் பூஞ்சணம் பிடிக்கும். அடைக்க வேண்டியது கீழே. கதவடியில் ஒரு பழைய சாக்கை உருட்டி வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஓட்டைக்குத் தண்ணீர் நின்று காற்றைத் தடுக்கும் வளைந்த குழாய் போட்டால் மீதியும் முடியும். வண்டிகளில் அந்த வளைவு உண்டு. அங்கே திறப்பு கூரையில் மட்டும்தான், அதற்கென்றே தைத்து விற்கும் மெத்தைத் துண்டைச் செருகிக் குளிப்பார்கள். குளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும்.

இனி கூரை. பெரியம்மா வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் கொல்லையில் கீற்று மறைப்புதான். மேலே வானம். பிறகு மறைப்புக்கும் கூரைக்குமாகக் கீற்று வேய்ந்தார்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய அன்று, அதுவும் மார்கழியில்தான், அந்தக் கீற்றெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. 2014 அக்டோபரில் தூய்மை இந்தியா திட்டம் வந்தபோது கழிப்பறைக்கு வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கனத்த சுவரும் காங்கிரீட் கூரையும் வராது, மெல்லிய சுவரும் சிமெண்ட் ஷீட்டுந்தான். கிராமத்தில் பல வீடுகளில் அந்த ஓர் அறைதான் குளிக்கவும். எத்தனை பெண்களுக்கு அந்தக் கதவும் தாழ்ப்பாளும் பெரிய விடுதலை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஷீட்டுக்கு ஒரு குணம் இருக்கிறது. தெளிந்த வானத்தின் கீழ் இரவெல்லாம் தன் சூட்டை மேல்நோக்கி விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். அறையில் எழும் ஆவி அதன் அடிப்பக்கத்தில் பட்டுத் தண்ணீராகி, குனிந்து முதுகு தேய்க்கிறவர் மேல் சொட்டும். சுடுதண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கும்போது நடுமுதுகில் விழும் அந்தச் சொட்டு எப்படி இருக்கும் என்பதைப் பட்டவரிடம் கேளுங்கள்.

இதற்கு மருந்து ஷீட்டின் மேல் பழைய கீற்றையே வேய்வது. வெயிலுக்காகப் பலர் செய்கிற காரியந்தான், பனிக்கும் அதுவே உதவுகிறது. ஷீட்டு வானத்தைப் பார்க்காமல் இருந்தால் அவ்வளவு குளிராது. ஒன்று மட்டும் கவனம். பழைய சிமெண்ட் ஷீட்டில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கும். எதையாவது பொருத்துகிறேன் என்று அதில் துளை போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

காலடிக்குப் பெரியம்மாவிடம் ஒரு பலா மணை இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்து மரம். அதன் மேல் நின்றோ உட்கார்ந்தோதான் குளிப்பார். மரம் சிமெண்டைப் போல் காலிலிருந்து சூட்டை இழுக்காது. அந்த வண்டிக்காரர்களும் குளிக்குமிடத்தில் தேக்குச் சட்டம் போட்டுக்கொள்கிறார்கள் என்று பேரன் சொன்னான். பாசி பிடிக்காமல் வெயிலில் காயவைத்தால் மணை வழுக்காது.

இத்தனையும் சொன்னபின் தீயைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த வாரக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சிதம்பரத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் வெந்நீர் அறையின் சுவரோடு சேர்த்து அடுப்பு கட்டியிருப்பார்கள். தவலை உள்ளே, அடுப்பின் வாய் வெளியே. சவுக்கு மிளாறு, தென்னம்பாளை, வறட்டி, ஒரு காலத்தில் நெய்வேலியிலிருந்து வந்த லெக்கோ கரி, எதை எரித்தாலும் புகை தாழ்வாரத்தோடு போய்விடும். சூடு மட்டும் சுவர் வழியாக உள்ளே வரும். பேரனின் வண்டியில் அறையைச் சூடாக்கும் கருவியும் அதே முறைதான். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, எரிந்த புகையை வெளியிலேயே விட்டு, சூட்டை மட்டும் உள்ளே ஊதுகிறது. நச்சுவாயு கசிந்தால் அலறுகிற கருவி ஒன்றும் மாட்டியிருந்தார்கள்.

நம் பக்கத்தில் இப்போது கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டுகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் உறவுக்காரர் வீடு ஒன்றில் கல்யாணத்துக்கு வந்திருந்த பெண் அப்படிப்பட்ட அறையில் மயங்கி விழுந்தாள். கதவை உடைத்துத் தூக்கினோம். பிழைத்துக்கொண்டாள். அன்றைக்கு எல்லாரும் பித்தம் என்றார்கள். நான்கடி அறையில் இருக்கும் காற்று எவ்வளவு என்று மேலே பார்த்தோம். அந்த மாதிரிக் கீசர் பத்து நிமிஷத்தில் 100 கிராமுக்கு மேல் கேஸ் எரிக்கும். 100 கிராம் ஒழுங்காக எரிய ஒன்றேகால் கன மீட்டர் காற்று வேண்டும், அறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காற்று போதாதபோது பிறப்பது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்போடு இது உட்கார்ந்துகொள்ளும். தலை கிறுகிறுக்கும், கால் துவளும், தாழ்ப்பாளை எட்டும் தெம்பு இருக்காது. குளிருக்காக வெண்டிலேட்டரை அடைத்துவிட்டு உள்ளே கீசர் எரிப்பது, தணல் சட்டி வைப்பது, பிள்ளை பெற்றவளுக்குச் சாம்பிராணி போடுகிறேன் என்று கதவைச் சாத்திப் புகை போடுவது எல்லாம் ஒரே ஆபத்துதான். கீசர் சுவருக்கு வெளியே இருக்கட்டும். பக்கெட்டில் கம்பி ஹீட்டர் போடுகிறவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின் தண்ணீரைத் தொடுங்கள்.

வயதானவர்களுக்குக் குளிர்ந்த அறையே ஆபத்து. சட்டையைக் கழற்றியதும் தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். சூடான தண்ணீர் பட்டதும் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று ஏறி இறங்குவதில் மயக்கம் வரலாம், இதயம் தடுமாறலாம். தொட்டியில் மூழ்கிக் குளிக்கும் பழக்கமுள்ள ஜப்பானில் குளிர்காலத்தில் இப்படி முதியவர்கள் இறப்பது பெரிய கவலை. உடை மாற்றும் இடத்தை முன்னாலேயே சூடாக்குங்கள், தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிஷத்துக்குள் முடியுங்கள் என்று அந்த நாட்டு அரசே மக்களிடம் சொல்கிறது. பிறந்த குழந்தைக்கோ முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆருத்ரா தரிசனத்துக்காக இரவோடு இரவாக எழுந்து, நடுங்கிக்கொண்டு தலைக்கு ஊற்றிக்கொள்ளும் எழுபது வயதுக்காரர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். பக்தியில் நான் குறுக்கிடவில்லை. தரையை நனைத்துவிட்டு, காலில் தொடங்கி மேலே ஏறுங்கள், துடைத்து உடுத்தியபின் கதவைத் திறங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பேரன் அன்றைக்கே செய்து பார்த்தான். அவன் வண்டியில் வெந்நீர்த் தொட்டி 6 காலன், 23 லிட்டர்தான். அதில் ஒரு பகுதியைத் தரைக்குக் கொடுக்க மனம் வரவில்லையாம். பாட்டி சொன்னதற்காகக் கொடுத்தான். மறுநாள் கூப்பிட்டு, “இது ஒனக்கு யாரு பாட்டி சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டான்.

“எங்க மாமியாருதான். ஒங்கப்பன அவங்கதான் கால்ல போட்டுக் குளிப்பாட்டுவாங்க. கொழந்தைய தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி தரைக்கு ரெண்டு சொம்பு ஊத்துவாங்க. அப்பல்லாம் மண்ணு தரைடா.”

கீற்று முடைய மட்டை வெட்டிக் கொல்லைத் தொட்டியில் ஊறப் போட்டிருக்கிறது. மழை விட்டதும் ஷீட்டு மேல் ஏற வேண்டும். பெரியம்மா தினமும் வந்து ஒரு மட்டையை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.

(தொடரும்)