பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள்!

‘புதுப்பித்த எம்.ஜி.பி. கார், மடக்குக் கூரையுடன், விலைக்கு!’ இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் இங்கிலாந்தில் பழைய கார்ப் பிரியர்களுக்கு இருப்புக் கொள்ளாது. ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை செய்த கார் அல்லவா! நிலையான கூரையுள்ள ‘ஜி.டி.’ ரகத்தையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல். 1980-ல் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டது.

சிவப்பு வர்ணம், மின்னும் குரோமியம், தோல் ஆசனம்! பணப்பையைத் திறக்கத்தான் தோன்றும். நேயர்களே, சற்றுப் பொறுங்கள்.

இந்தக் காருக்குத் தனியாக சாஸி கிடையாது, உடலேதான் எலும்பு. கூரை இல்லாத வண்டியின் பலமெல்லாம் கதவுகளுக்கு அடியில் ஓடும் இரண்டு தகட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. மழைக்கும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்புக்கும் இரையாவது அவைதாம். துருவின்மேல் பட்டி பார்த்து வர்ணம் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

காந்தத்துக்குத் தெரியும்! கனமான பட்டியின் மீது அது ஒட்டாது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இறுகினால், வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம்.

என்ஜினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. 1988-ல் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள்.

ஆகவே, புதுப்பித்தபோது எடுத்த படங்களையும் பில்களையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். உங்கள் பணம் மட்டுமல்ல, பக்கத்தில் உட்காரப் போகிறவரின் உயிரும் அந்தத் தகட்டைத்தான் நம்பியிருக்கிறது!