உபஜனாதிபதியின் ஆசனம்

பாரத தேசத்தில் அந்தஸ்தில் இரண்டாவதாக வைத்து எண்ணப்படும் பதவிக்குச் சம்பளம் கிடையாது என்று சொன்னால் பலர் நம்பத் தயங்குவார்கள். ஆயினும் உண்மை அதுதான். ஒரு காலத்தில் உபஜனாதிபதி என்று நாம் அழைத்ததும், இன்று குடியரசுத் துணைத் தலைவர் என்று வழங்குவதுமான அப்பதவியில் அமர்பவர் மாதந்தோறும் பெறும் ஊதியம், ராஜ்ய சபையின் அக்கிராசனர் என்ற முறையில் அவருக்கு உரியதேயன்றி, துணைத் தலைவர் என்ற பெயருக்காக அளிக்கப்படுவதன்று. அந்தப் பெயருக்கென்று தனியாக ஒரு வேலை இல்லாதபோது கூலி மட்டும் எங்கிருந்து வரும்?

நமது அரசியல் சாசனத்தின் 63-ஆம் ஷரத்து, பாரதத்துக்கு ஓர் உபஜனாதிபதி இருக்கவேண்டும் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. அடுத்த ஷரத்து அவரை ராஜ்ய சபையின் தலைமை ஆசனத்தில் அமர்த்துகிறது; அதற்கடுத்தது, ஜனாதிபதியின் ஸ்தானம் காலியானாலோ, அவர் நோயுற்றாலோ, அப்பொறுப்பை இவர் ஏற்கவேண்டும் என்கிறது. சபைத் தலைமையை இப்பதவியோடு இணைத்த ஏற்பாடு அமெரிக்க சாசனத்தை நினைவூட்டுவதுதான். ஆனால் அங்கே ஜனாதிபதி காலமானால் எஞ்சிய காலம் முழுவதற்கும் உபஜனாதிபதியே ஜனாதிபதி ஆகிவிடுகிறார். இங்கேயோ ஆறு மாதத்துக்குள் புதிய தேர்தல் நடந்தாகவேண்டும். ஆகவே நம்மவரைப் பட்டத்துக்குக் காத்திருக்கும் இளவரசர் என்று கருதுவது பிசகு. வீட்டுக்காரர் வரும்வரை சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர் என்றே அவரைக் கொள்ளவேண்டும். சாவி கையில் இருக்கும் நாட்களில் அவர் ராஜ்ய சபையின் பக்கம் தலைமை தாங்கச் செல்லலாகாது. அந்தச் சம்பளமும் அப்போது நின்றுவிடும்.

இவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்லிமெண்டின் இரு சபை அங்கத்தினர்களே. ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும் மாநிலச் சட்டசபையினருக்கு இதில் பங்கில்லை. ஜனாதிபதித் தேர்தலில் வாக்குரிமையற்ற நியமன அங்கத்தினர்களுக்கோ இதில் வாக்கு உண்டு. ஆதியில் இரு சபைகளும் ஒரே கூட்டமாகக் கூடித்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று இருந்தது. அவ்வாறு கூடவேண்டிய அவசியத்தை 1961-இல் வந்த சாசனத் திருத்தம் நீக்கியது. 1992-இல் கே. ஆர். நாராயணன் போட்டியிட்டபோது, செல்லுபடியான 701 வாக்குகளில் 700 அவருக்கே விழுந்தன. எதிர்த்து நின்றவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

1952 மே மாதத்தில் முதன்முதலாக அந்த ஆசனத்தில் அமர்ந்தவர் ஒரு தத்துவப் பேராசிரியர். திருத்தணியில் பிறந்து, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கீழ்நாட்டு தரிசனங்களைப் போதித்து, மாஸ்கோவில் நமது ஸ்தானிகராகவும் இருந்து திரும்பிய டாக்டர் ராதாகிருஷ்ணன், இரு முறையும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் அங்கே வீற்றிருந்தார். எந்தக் கட்சியின் உழைப்பாளியாகவும் இராத ஒருவரை முதலில் அமர்த்தியதால், அந்தப் பதவிக்குப் பிறப்பிலேயே ஒரு கௌரவம் வாய்த்துவிட்டது. 1960-இல் ராஜேந்திர பிரசாத் சோவியத் நாட்டுக்குச் சென்றபோதும், அடுத்த ஆண்டு அவர் கடும் நோயுற்றபோதும், ஜனாதிபதியின் காரியங்களை இவரே கவனித்துக்கொண்டார்.

எனினும், இந்தப் பதவி வெறும் அலங்காரம் அன்று என்பதைத் தேசம் உணர்ந்தது 1969-இல்தான். அவ்வாண்டு மே 3-ஆம் தேதி ஜனாதிபதி ஜாகிர் ஹுசேன் பதவியில் இருக்கையிலேயே காலமானார், உபஜனாதிபதி வி. வி. கிரி அவருடைய ஸ்தானத்தை ஏற்றார். ஜூலை 19-ஆம் தேதி 14 பெரிய வங்கிகளைத் தேசிய உடைமையாக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்துவிட்டு, மறுநாளே, ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் பொருட்டு ராஜிநாமா செய்தார். இங்கேதான் விசித்திரம். உபஜனாதிபதி தமது ராஜிநாமாவை ஜனாதிபதிக்கு எழுதவேண்டும் என்பது சாசனத்தின் விதி. ஜனாதிபதியின் ஸ்தானத்தில் அன்று இருந்தவரோ அவரேதான்! ஜனாதிபதியும் இல்லை, உபஜனாதிபதியும் இல்லை என்ற அந்த நிலைமைக்கு, இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பார்லிமெண்ட் ஒரு சட்டம் இயற்றி வைத்திருந்தது. அதன்படி சுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதி ஹிதயதுல்லா, ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 24 வரை ராஷ்டிரபதி பவனில் பொறுப்பேற்றிருந்தார். தேர்தலில் முதல் விருப்ப வாக்குகளால் முடிவு காண இயலாமல், இரண்டாவது விருப்பங்களையும் எண்ணிய பிறகே கிரி, சஞ்சீவ ரெட்டியை வென்றார். அதே ஹிதயதுல்லா பத்து ஆண்டுகளுக்குப் பின் போட்டியின்றி உபஜனாதிபதியாகி, 1982 அக்டோபரில் ஜெயில் சிங் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றபோது, மறுபடியும் ஜனாதிபதியின் வேலையைப் பார்த்தார். நீதிபதியாக ஒரு முறையும், உபஜனாதிபதியாக ஒரு முறையும் அப்பொறுப்பை வகித்தவர் அவர் ஒருவரே.

சாவியைக் கையில் வைத்திருப்பது சில சமயம் சங்கடமான காரியம். 1977 பிப்ரவரியில் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது காலமானபோது உபஜனாதிபதி பி. டி. ஜத்திக்கு அந்தச் சங்கடம் நேர்ந்தது. தேர்தலில் இந்திரா காந்தி தோற்று மொரார்ஜி தேசாயின் மந்திரிசபை அமைந்ததும், ஒன்பது மாநிலச் சட்டசபைகளைக் கலைக்கும் உத்தரவு ஏப்ரல் இறுதியில் ஜத்தியின் கையொப்பத்துக்கு வந்தது. அவர் உடனே கையொப்பமிடவில்லை, தயங்கினார். தேசமெங்கும் பரபரப்பு மூண்டது. முடிவில், மந்திரிசபையின் ஆலோசனைக்கு இணங்கிக் கையொப்பமிட்டார். தயங்குவதற்கு மட்டுமே இடம் உண்டு, மறுப்பதற்கு இல்லை என்ற பாடம் அந்தச் சிறிய தாமதத்தில் அடங்கியிருந்தது.

இவையெல்லாம் அபூர்வமான நாட்கள். மற்ற நாட்களில் உபஜனாதிபதியின் தொழில், தாம் அங்கத்தினராகவே இல்லாத ஒரு சபையை நடத்துவதாகும். லோக் சபையின் சபாநாயகர் அச்சபையின் அங்கத்தினர்களுள் ஒருவர், இவர் அப்படியல்லர். இரு தரப்பு வாக்குகளும் சமமாக நின்றாலன்றி இவருக்கு வாக்கும் இல்லை. கையில் இருப்பதெல்லாம் ஓர் ஆசனமும், அதைச் சூழ்ந்த மரியாதையுமே. அந்த மரியாதை குலையும் வேளையில் எவ்வளவு வேதனை உண்டாகும் என்பதை, சபையில் அமளி மிஞ்சியபோது ஆசனத்தில் இருந்தபடியே கண்ணீர் விட்ட சங்கர் தயாள் சர்மா காட்டிவிட்டார்.

ராதாகிருஷ்ணன், ஜாகிர் ஹுசேன், கிரி, தஞ்சை ஜில்லாவின் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன், சர்மா, நாராயணன் ஆகிய ஆறு பேர் இந்த ஆசனத்திலிருந்து ஜனாதிபதி பதவிக்கு உயர்ந்தனர். நாராயணனுக்குப் பின் அந்தப் பாக்கியம் எவருக்கும் கிட்டவில்லை. கிருஷ்ண காந்த் 2002-இல் பதவியில் இருக்கையிலேயே மறைந்தார். பைரோன் சிங் செகாவத் 2007-இல் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றார். ஹமீது அன்சாரி பத்து ஆண்டுகள் இருந்து விடைபெற்றார். 2024-இல் ஜகதீப் தன்கர் நடுநிலை தவறினார் என்று கூறி எதிர்க்கட்சியினர் அவரை நீக்கக்கோரி அளித்த நோட்டீஸ், இப்பதவியின் வரலாற்றில் முதலாவது, அது நிராகரிக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் விலகினார். செப்டம்பரில் திருப்பூர்க்காரரான சி. பி. ராதாகிருஷ்ணன் 15-ஆவது நபராகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

அதிகாரம் நிறைந்த பதவியில் சாமானியரும் பெரியவராகத் தோன்றக்கூடும். அதிகாரமே இல்லாத ஆசனத்தில் அமர்ந்தவரின் சொந்த அளவு மட்டுமே வெளிப்படும். உபஜனாதிபதிகளை மதிப்பிட விரும்பும் வாசகர், அவர்கள் பின்னால் ஜனாதிபதி ஆனார்களா என்று பார்க்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சி அங்கத்தினர் ஒருவர் பேச எழுந்தபோது அவருக்கு நியாயமாக நேரம் கிடைத்ததா என்று ராஜ்ய சபையின் நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால் போதும்.