கொதித்த தண்ணீர் எவ்வளவு சூடு?

பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே கோப்பியைப் பற்றிப் பேசுவோம். தேயிலை மலையில் இது துரோகமில்லை. நம் முன்னோரை முதலில் இங்கே கொண்டுவந்ததே கோப்பித் தோட்டங்கள்தான். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்த பிறகே தேயிலை மலையெங்கும் பரவியது.

வடிதாளில் தூளைப் போட்டு, மெல்ல வெந்நீர் ஊற்றி இறக்கும் கோப்பிக்கென்றே வளைந்த மூக்குக் கேத்தல் இருக்கிறது. மூக்கு அடியிலிருந்து கிளம்பி ஒல்லியாக மேலேறுவதால், தண்ணீர் குபுக்கென்று கொட்டித் தூளில் குழி பறிக்காது. கரண்ட் கேத்தலோ அடுப்புக் கேத்தலோ, மூக்கு ஒன்றுதான். ஆகவே நாம் பார்க்க வேண்டியது சூட்டை.

இங்கேதான் எல்லோரும் இடறுகிறோம். கொதித்தால் 100 பாகை என்று பள்ளியில் படித்தோம். அது கொழும்புக் கடற்கரைக் கணக்கு. காற்று தண்ணீரின் மேல் அடுக்கடுக்காகப் போர்த்திய கம்பளி மாதிரி. மலையேற ஏற அடுக்குகள் குறையும், அழுத்தம் தளரும், தண்ணீர் சீக்கிரமே ஆவியாகிக் கிளம்பிவிடும். சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹட்டனில் ஏறக்குறைய 96 பாகையில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94தான். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் கூடும், சூடு கூடாது. பருப்பு வேகச் சுணங்குவதும் இதனால்தான்.

இந்தக் கோப்பிக்குச் சொல்லப்படும் சூடு 90 முதல் 96 பாகை வரை. கொதித்த பின் சற்று ஆறவிடு என்ற அறிவுரை கீழ்நாட்டாருக்கு. நுவரெலியாவில் கொதித்த கையோடு ஊற்றுங்கள். குளிருக்கு வடிகூம்பையும் கோப்பையையும் முதலில் வெந்நீரால் அலசிவிடுவதும் நல்லது.

பாகை குறிக்கும் கரண்ட் கேத்தலை இங்கே 96இல் வைத்தால் என்ன ஆகும்? அந்த எண் வரவே வராது. உயரத்துக்கேற்பத் திருத்தும் வசதி இல்லாவிட்டால் அது கொதித்துக்கொண்டே இருக்கக்கூடும். சாதாரணக் கரண்ட் கேத்தலுக்கு இந்தக் குழப்பமில்லை. ஆவி ஒரு சின்ன உலோகத் தகட்டைச் சுட்டு வளைத்ததும் அணைந்துவிடும், எந்த மலையிலும்.

பச்சைத் தேயிலைக்கு 80 பாகை வேண்டுமென்பவர் பாகை எண்ணுக்குக் காசு கொடுக்கலாம். கோப்பி மட்டும் என்றால் நுவரெலியாவில் அடுப்புக் கேத்தலே போதும் என்பேன். ஊற்றும் இடைவெளியில் சிறுதீயில் திரும்ப வைத்தால் ஆறாது. தீ அடிப்பாகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கைப்பிடி சுடும். 2022இல் கரண்ட் வெட்டும் காஸ் வரிசையும் சேர்ந்தே வந்தன. பிளாஸ்டிக் பிடி இல்லாத கேத்தலென்றால் விறகு அடுப்பிலும் ஏற்றலாம், கரி தேய்க்கச் சோம்பல் படாவிட்டால்.