மலையேற்றமும் லிதியம் மின்கலமும்

மைசூர் நகரத்தைவிடச் சாமுண்டி மலையின் உச்சி ஏறக்குறைய 300 மீட்டர் உயர்ந்தது. இருவரை ஏற்றிக்கொண்டு அம்மலைச் சாலையில் செல்லும் மின் ஸ்கூட்டரைக் கொண்டு, லிதியம் அயனி மின்கலத்திலிருந்து எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்பதை ஆராய்வோம்.

வண்டியும் இருவரும் சேர்ந்து 250 கிலோகிராம் எனவும், வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் எனவும் கொள்வோம். சமதளத்தில் காற்றின் தடையையும் சக்கரங்களின் உராய்வையும் வெல்ல 550 வாட் அளவு போதும். பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவிலோ, எடையை மேலேற்றுவதற்கே மேலும் 1,700 வாட் வேண்டும். மோட்டாரிலும் அதன் கருவிகளிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகுமாயின், 50 வோல்ட் பாட்டரி சமதளத்தில் 14 ஆம்பியரும் மலையில் 56 ஆம்பியரும் தர வேண்டியதாகிறது. மின்னோட்டம் நான்கு மடங்கே. ஆனால் கலத்தினுள் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதால், அது 16 மடங்காகிறது.

இத்தகைய பாட்டரி ஒன்றில், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 168 கலங்கள் இருப்பதாகக் கொள்வோம். பன்னிரண்டு கலங்கள் பக்க இணைப்பில் ஒரு தொகுதி. அத்தகைய 14 தொகுதிகள் தொடர் இணைப்பில் உள்ளன. ஒவ்வொரு கலத்தின் அகத்தடையும் 40 மில்லி ஓம் எனில், சமதளத்தில் பாட்டரி முழுவதிலும் 9 வாட் வெப்பமும், மலையில் ஏறக்குறைய 150 வாட் வெப்பமும் உண்டாகும். மூடிய பெட்டிக்குள் 150 வாட் விளக்கை எரியவிட்டதற்கு இது ஒப்பாகும். படிகளில் ஏறும் பக்தர்கள் நந்தியருகே நின்று இளைப்பாறுவர். வண்டிக்கு அவ்வழக்கம் இல்லை.

மலையில் ஒவ்வொரு கலமும் தருவது 4.7 ஆம்பியர். மிகுந்த மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் செய்த 2.5 ஆம்பியர்-மணிக் கலம் தொடர்ந்து 5 ஆம்பியர் வரை தாங்கலாம். துளையிடும் கருவிகளுக்கென அதே உருவத்தில் செய்த கலமோ 20 ஆம்பியர் தரும். ஆகவே உருவத்தைக் கண்டு திறனை மதிப்பிடலாகாது.

நம் வண்டி எல்லைக்குள்ளேயே உள்ளது. ஆயினும் அந்த எல்லை புதிய, குளிர்ந்த, குறையற்ற கலத்திற்கு உரியது. முதுமையில் அகத்தடை இரு மடங்காயின் வெப்பமும் இரு மடங்காகும். ஒரு தொகுதியில் மூன்று கலங்களின் இணைப்பு விட்டுப்போனால், எஞ்சிய ஒன்பதும் 6.2 ஆம்பியர் வீதம் சுமக்க நேரும்.

இதனினும் நுட்பமான அபாயம் ஒன்றுண்டு. நலிந்த தொகுதி மற்றவற்றிற்கு முன்னரே வறண்டுவிடும். ஏனைய தொகுதிகள் அதனூடே மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்த, அதன் மின்னழுத்தம் வெகுவாகத் தாழ்ந்து, எதிர்மின்வாயின் செப்புத் தகடு மின்பகு திரவத்தில் கரையத் தொடங்கும். பின்னர் மின்னேற்றும்பொழுது அச்செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படக்கூடும். கேடு மலையில் விளைய, தீ இரவில் வீட்டில் தோன்றலாம்.

சுமார் 90 டிகிரி செல்சியஸில் எதிர்மின்வாயின் மேலுள்ள காப்புப் படலம் சிதைந்து, கலம் தானே சூடேறத் தொடங்குகிறது. சுமார் 130 டிகிரியில் மின்வாய்களைப் பிரிக்கும் பாலிஎத்திலீன் ஏடு உருகும். நிக்கல், கோபால்ட் ஆக்ஸைடுகள் கொண்ட நேர்மின்வாய் மேலும் சூடேறினால் ஆக்ஸிஜனை வெளியிடும். ஆதலால் காற்றை மறைப்பதால் மட்டும் இத்தீ அணையாது. மிகுந்த நீரால் குளிர்விப்பதே பயனுடையது. இரும்புப் பாஸ்பேட் வகை வெப்பத்தை நன்கு தாங்குமெனினும், அதன் திரவமும் எரியக்கூடியதே.

ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும், மொத்த மின்னோட்டத்தையும், வெப்பநிலையையும் கண்காணித்து, வேண்டியபோது இணைப்பைத் துண்டிப்பது காவல் சுற்றின் பணி. 2022-ல் பல ஊர்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றியபின், ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. மலையில் வண்டி அடிக்கடி நின்றுவிடுகிறதென்று இச்சுற்றை விலக்கி நேரே இணைத்துத் தருவோர் உளர். அச்செயலை மன்னிக்க இயலாது. நின்றுவிடுவதே நலிந்த தொகுதியின் அறிகுறியாக இருக்கலாம்.

வகுப்பில் அகத்தடையை விளக்க விரும்பும் ஆசிரியர்கள் லிதியம் கலத்தைத் தவிர்த்து, சாதாரண டார்ச் கலத்தையே கொள்க. 5 ஓம் தடையை இணைத்ததும் 1.5 வோல்ட் 1.35 ஆகக் குறைந்தால், மின்னோட்டம் 0.27 ஆம்பியர், அகத்தடை 0.55 ஓம் அளவாகும். களப் பணியாளர்கள், மலையிலிருந்து திரும்பிய வண்டியின் பாட்டரிப் பெட்டி சூடாக இருப்பின், அது நன்கு ஆறிய பின்னரே மின்னேற்றியில் இணைக்க வேண்டும். பெட்டி உப்பியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் சுட்டாலோ, அதனை வீட்டிற்குள் கொண்டு செல்லலாகாது.